வன்னியில் ஒரு பாடசாலைக்குத் தினமும் சாப்பாடு போடுவது எப்படி: அரிசி முதல் விறகு வரை ஒரு முழு வழிகாட்டி

வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தன் பிள்ளையின் பிறந்தநாளுக்கு முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ ஒரு பாடசாலைக்குப் புரியாணி கொடுப்பார். பதாகை கட்டிப் படம் எடுப்பார்கள், பிள்ளைகளும் சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த நாள் காலை அதே பிள்ளை வெறும் தேத்தண்ணியோடு மூன்று கட்டை தூரம் சைக்கிள் உழக்கி வந்து, பத்து மணிக்கெல்லாம் மேசையில் தலையைச் சாய்த்துக்கொள்ளும். நான் இங்கே எழுதுவது அந்த அடுத்த நாளைப் பற்றி.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரிசிக்குக் காசு கிடைக்கும். முட்டைக்கும் கிடைக்கும். சமைக்கிறவரின் சம்பளத்துக்கும், விறகுக்கும், கிடாரம் கழுவும் சவர்க்காரத்துக்கும் காசு தர ஆள் கிடைப்பது கஷ்டம். சாப்பாட்டுத் திட்டங்கள் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே கீழே உள்ள படிகளை வாசிக்கும்போது, சமையல்கட்டைப் பற்றி எழுதியவற்றைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள்.

படி 1: ஏற்கெனவே என்ன நடக்கிறது என்று பாருங்கள்

இலங்கை அரசாங்கத்தின் பாடசாலைப் போசாக்குத் திட்டம் ஒன்று நடக்கிறது. அது பெரும்பாலும் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கானது. ஊரில் உள்ள ஒரு பெண்ணோ சிறு குழுவோ பொறுப்பெடுத்து, வீட்டிலோ பாடசாலையிலோ சமைத்துக் கொடுப்பார்கள், பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று பிறகு காசு வரும். அந்தத் தொகை அடிக்கடி மாறும், அதனால் இங்கே எழுதவில்லை. உங்கள் வலயக் கல்விப் பணிமனையில் அந்த வருடத்துத் தொகையையும், எந்தத் தரங்களுக்கு என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்காமல் நேரே கிடாரம் வாங்கப் போகிறவர்கள் உண்டு. அப்படிப் போனால் ஒரே பாடசாலையில் பத்து மணிக்கு இரண்டு சாப்பாடு வந்து நிற்கும், பக்கத்து ஊர்ப் பாடசாலையில் ஒன்றும் இருக்காது.

நீங்கள் தேட வேண்டியது இடைவெளியை. எங்கெல்லாம் இடைவெளி இருக்கலாம்? ஆறாம் தரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒன்று, அதுவும் வளர்கிற வயதுப் பெண்பிள்ளைகள். காலையில் பிள்ளையை விட்டுவிட்டு அம்மா கூலிக்குப் போகும் ஊர்களில் முன்பள்ளி இன்னொன்று. மூன்றாவது பலருக்குத் தோன்றாதது: அரசாங்கத் திட்டத்துக்குச் சமைக்கும் பெண்ணின் கடன். அவருக்குக் காசு பிந்தி வரும்போது கடைக்காரர் பருப்புக் கொடுப்பதை நிறுத்துவார், அன்றைக்குக் கறி தண்ணியாகும். அந்தப் பாடசாலைக்குப் புதிதாக ஒரு சாப்பாட்டுத் திட்டம் தேவையே இல்லை. ஒரு சிறிய சுழல் நிதி போதும். பணிமனைக் காசு வரும்வரை அவருக்கு வட்டியில்லாமல் கொடுத்து, வந்ததும் திருப்பி எடுத்து, அடுத்த மாதம் மறுபடி கொடுப்பது. அதோடு வாரத்துக்கு இரண்டு முட்டையைச் சேர்த்தால், சொந்தமாக ஒரு திட்டம் நடத்துவதில் பத்தில் ஒரு பங்கு தலையிடியோடு கிட்டத்தட்ட அதே பலன் வரும். என்னைக் கேட்டால் சிறிய அமைப்புகள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் இதில் படம் எடுக்க ஒன்றும் இல்லை என்பதால் பலருக்குப் பிடிப்பதில்லை.

படி 2: கடிதங்கள்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். அதிபரின் சம்மதம், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தீர்மானம், வலயத்தின் அனுமதி, சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பணிமனைக்கு ஒரு கடிதம், கிராம அலுவலருக்கு ஒரு பிரதி. அமைப்பாகப் பதிவு செய்யாமல் வெளியிலிருந்து காசு வாங்கிச் செலவழிக்க வேண்டாம். இலங்கையில் இதற்கென்று 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் விசாரித்தால் எந்த மட்டத்தில் பதிய வேண்டும் என்று சொல்வார்கள். ஏற்கெனவே பதிந்து இயங்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ ஊரில் இருந்தால், புதிதாக ஒன்றைத் தொடங்காமல் அவர்களோடு சேர்ந்துகொள்வது நல்லது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரை (பி.எச்.ஐ.) அழைக்காமல் விடாதீர்கள். பி.எச்.ஐ. வந்தால் குறை சொல்வார் என்று பயப்படுகிறார்கள். குறை சொல்லட்டும், முதல் நாளுக்கு முன்பே சொல்லட்டும்.

படி 3: நூறு பிள்ளைகளுக்குக் கணக்கு

அளவுகளுக்கு ஒரு நல்ல அடிப்படை இந்திய மதிய உணவுத் திட்டத்தில் இருக்கிறது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு நேரத்துக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும். அதற்கு அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், மரக்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு 700 கலோரி, 20 கிராம் புரதம், அரிசி 150 கிராம், பருப்பு 30 கிராம். எல்லாம் சமைக்க முன் நிறுத்த அளவுகள்.

ஆகவே நூறு சிறு பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு அரிசி 10 கிலோ, பருப்பு 2 கிலோ, மரக்கறியும் கீரையும் சேர்த்து 5 கிலோ, எண்ணெய் ஏறத்தாழ அரை லீற்றர். நம் சமையலில் தேங்காய்ப்பால் சேர்வதால் எண்ணெயைக் கொஞ்சம் குறைக்கலாம். பத்து மணிக்குச் சாப்பிடும் முதலாம் தரப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி கூடினாலும் கூடும். முதல் இரண்டு வாரம் தட்டில் மிஞ்சுவதை ஒரு வாளியில் கொட்டி நிறுத்துப் பாருங்கள், சரியான அளவு தானாகத் தெரிந்துவிடும்.

வருடத்துக்கு ஏறத்தாழ 200 பாடசாலை நாட்கள் என்று வைத்தால் அரிசி 2,000 கிலோ. நெல்லில் மூன்றில் இரண்டு பங்கு அரிசியாகும் என்று பார்த்தால் 3 தொன் நெல் வேண்டும். சுமாராக விளையும் வயலில் இரண்டு ஏக்கருக்குள் அடங்கும். இரணைமடுக் குளத்துக்குக் கீழேயோ முத்தையன்கட்டுப் பக்கமோ வயல் செய்யும் ஒரு கமக்காரரிடம் போய், நூறு பிள்ளைகளின் ஒரு வருடச் சோறு உங்கள் இரண்டு ஏக்கர் என்று சொல்லிப் பாருங்கள். காசு கேட்டால் தயங்குகிறவர் பெரும்போக அறுவடையில் இரண்டு மூட்டை நெல்லை யோசிக்காமல் தருவார். பத்துப் பதினைந்து பேர் அப்படித் தந்தால் அரிசிச் செலவில் பெரும் பகுதி போய்விடும்.

ஒரு விஷயம். அந்த நெல்லைப் பாடசாலையில் அடுக்க வேண்டாம். காட்டோரப் பாடசாலை என்றால் யானை மணம் பிடித்து வரும், சுவரையும் இடித்துவிடும். ஆலைக்காரரிடமோ கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்திலோ வைத்து, மாதாமாதம் குற்றி எடுங்கள்.

இப்போது சாப்பாடு அல்லாத செலவு. சமைக்கும் இரண்டு பேரின் மாதக் கொடுப்பனவு, விறகு, உப்பு புளி தூள், தேங்காய், சவர்க்காரம், போக்குவரத்து, தட்டு கிடாரத் தேய்மானம். இவற்றைப் பட்டியலின் அடியில் சில்லறை என்று எழுதாதீர்கள், மேலே எழுதுங்கள். கொடையாளரிடம் ‘ஒரு பிள்ளைக்கு ஒரு நேரச் சாப்பாடு இவ்வளவு’ என்று சொல்லும் தொகைக்குள்ளேயே சமையற்காரரின் காசும் இருக்க வேண்டும். அது தனி என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு யாரும் தர மாட்டார்கள்.

வங்கியில் ஒரு பாடசாலைத் தவணைக்கான முழுக் காசும் இருக்கும்போது மட்டும் அடுப்பை மூட்டுங்கள். 2022இல் விலைகள் ஏறிய வேகத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

படி 4: யார் சமைப்பது

பெங்களூரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய அட்சய பாத்திரா அமைப்பு போல ஒரு பெரிய சமையற்கூடம் கட்டி, வாகனத்தில் எல்லாப் பாடசாலைக்கும் அனுப்பலாமே என்று யாராவது கேட்பார்கள். நகரத்துக்கு அது சரி. மாங்குளத்திலிருந்து துணுக்காய், பாண்டியன்குளம் என்று மாரி காலத்து வீதிகளில் சூடு ஆறாமல் சோறு கொண்டுபோவதை நினைத்துப் பாருங்கள். அந்தந்தப் பாடசாலையில் அந்த ஊர் அம்மாமார் சமைப்பதுதான் இங்கே நடைமுறை.

ஆனால் ‘அம்மாமார் முறைவைத்து இலவசமாகச் சமைப்பார்கள்’ என்ற திட்டத்தை நான் நம்புவதில்லை. முதல் மாதம் நன்றாகத்தான் நடக்கும். பிறகு களை பிடுங்கும் காலம் வரும், கச்சான் பிடுங்கும் காலம் வரும், கூலியை விட்டுவிட்டு யார் வருவது? அதுவும் வன்னியில் போருக்குப் பிறகு பெண்ணே தனியாக உழைத்துக் குடும்பத்தைக் கொண்டுபோகும் வீடுகள் எவ்வளவு. அவர்களிடம் இலவச உழைப்புக் கேட்பது ஒரு பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்து இன்னொரு பிள்ளைக்குப் போடுவதுதான்.

தமிழ்நாட்டைப் பாருங்கள். 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டமாக விரிந்தபோது, மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று வேலையாகவே கொடுத்தார்கள். கணவரை இழந்த பெண்கள் பலருக்கு அந்த வேலை கிடைத்தது. ஆட்சிகள் மாறியும் திட்டம் நிலைத்ததற்கு அது ஒரு முக்கிய காரணம் என்று நினைக்கிறேன். 2022 புரட்டாதியில் அங்கே காலை உணவும் தொடங்கினார்கள், அதையும் ஊர்ப் பெண்கள் குழுக்களிடம்தான் கொடுத்தார்கள்.

நூறு பிள்ளைகளுக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவருக்குச் சுகமில்லை என்றால் வர மூன்றாவது ஆள் ஒருவரைச் சொல்லிவைக்க வேண்டும். இருவருக்கும் மருத்துவப் பரிசோதனை. வயிற்றோட்டமோ கையில் புண்ணோ என்றால் அன்றைக்கு லீவு, ஆனால் காசு வெட்டக் கூடாது. வெட்டினால் சொல்லாமல் வந்து சமைப்பார்கள். யார் கையால் சமைத்தது என்று சாதி பார்த்து முணுமுணுப்பு வந்தால், அதிபரை வைத்து அன்றைக்கே முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் வளரும்.

படி 5: தட்டில் என்ன

பிள்ளைகளின் வயிறு நிறைவது சுலபம், சோறு போட்டால் நிறையும். கஷ்டமான பகுதி புரதமும் இரும்புச்சத்தும்.

ஒரு வாரத்துக்கு இப்படி வைக்கலாம். திங்கள் சோறு, பருப்பு, முருங்கை இலை வறை. வார விடுமுறையில் சில வீடுகளில் சரியாகச் சமைத்திருக்க மாட்டார்கள், அதனால் திங்கட்கிழமை அளவு கொஞ்சம் கூட இருக்கட்டும். செவ்வாய் சோறும் முட்டைக் குழம்பும், ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். புதன் அவித்த கௌபி அல்லது பயறு, தேங்காய்ப்பூவும் சம்பலும், விறகும் மிச்சம். வியாழன் சோறும் நெத்தலிக் கருவாடு போட்ட கத்தரிக்காய்க் கறியும், அல்லது கடற்கரை ஊர் என்றால் சூடை மீன். வெள்ளி சைவம்: சாம்பார் மாதிரி பூசணி, பயற்றங்காய் எல்லாம் போட்ட ஒரு பருப்புக் கறி, பொன்னாங்காணிச் சுண்டல். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் காலத்தில் அந்தப் பக்கத்துப் பாடசாலைகளுக்குச் சைவமாகவே வைத்துவிடுங்கள், இல்லையென்றால் பாதிப் பிள்ளைகள் சாப்பிடாது. முஸ்லிம் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் கோழி வாங்கினால் ஹலால் பார்த்து வாங்குங்கள்.

கீரையில், பயறில் இருக்கும் இரும்புச்சத்து உடலில் சேர உயிர்ச்சத்து சி உதவும். தேசிக்காய்ப் புளி ஒரு துளி, அல்லது பிறகு ஒரு துண்டு கொய்யா, போதும். சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுக்க வேண்டாம், அது இரும்புச்சத்து சேர்வதைக் குறைக்கும். இது அம்மாமாருக்குப் புதுச் செய்தியாக இருக்கும், கூட்டத்தில் சொல்லுங்கள். கௌபி, கடலை, பயறு எல்லாம் இரவே ஊறப்போட்டுச் சமைத்தால் சத்தும் கூடச் சேரும், விறகும் குறையும். அயடீன் உப்புத்தான் வாங்க வேண்டும், மூடிவைத்துப் பாவிக்க வேண்டும்.

சமைக்கவே வசதியில்லாத சிறிய பாடசாலை என்றால் இலைக்கஞ்சியில் தொடங்கலாம். சிவப்பரிசி, வல்லாரை அல்லது முருங்கை இலை, தேங்காய்ப்பால். ஆனால் கஞ்சியை மட்டும் வைத்துக்கொண்டு சாப்பாடு கொடுக்கிறோம் என்று அறிக்கை எழுத வேண்டாம், அதில் புரதம் குறைவு. கூட ஒரு பிடி அவித்த கடலையாவது வேண்டும். திரிபோஷ என்ற சத்துமா வேறு விஷயம், அது கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த சின்னப் பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் கொடுப்பது, பாடசாலைக் கிடாரத்துக்கு அதைக் கேட்டு அலையாதீர்கள்.

படி 6: ஒரு பிள்ளைக்கும் சுகமில்லாமல் வரக் கூடாது

2013 ஆடி மாதம் பீகாரில் கண்டாமன் என்ற கிராமத்துப் பாடசாலையில் மதியச் சாப்பாடு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். எண்ணெயில் மொனோகுரோட்டோபோஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. நாம் இருப்பது விவசாய ஊர். வீட்டுக்கு வீடு மருந்துப் போத்தல், மருந்துக் கான். கழுவிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றிவைப்பார்கள், விதை போட்டுவைப்பார்கள், எண்ணெய் வாங்கவும் கொண்டுபோவார்கள். ஆகவே ஒரு கண்டிப்பான விதி: எண்ணெய், தேங்காய்ப்பால், தண்ணீர் எதுவும் பழைய கானில் சமையல்கட்டுக்குள் வரக் கூடாது. எண்ணெய் கடையில் முத்திரை உடைக்காத போத்தலில் வாங்க வேண்டும். யாராவது அன்பாக வீட்டு எண்ணெய் கொண்டுவந்தாலும் வேண்டாம். கீரையும் மரக்கறியும் மருந்து அடித்து எத்தனை நாள் என்று தருகிறவரிடம் கேட்டே வாங்குங்கள்.

பிள்ளைகளுக்குப் பரிமாற அரை மணிநேரம் முன் வளர்ந்த ஒருவர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஆசிரியரோ ஒரு பெற்றோரோ. கண்டாமனில் சமைத்த பெண் எண்ணெயில் ஒரு மாதிரி மணம் வருகிறது என்று சொன்னதாகவும், அதிபர் அதைக் கேட்காமல் சமைக்கச் சொன்னதாகவும் செய்திகளில் வந்தது. சமைக்கிறவர் வேண்டாம் என்று சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை. அந்த அதிகாரத்தை முதலே அவருக்குக் கொடுத்து, அதிபருக்கும் சொல்லிவையுங்கள். அப்படியான நாளுக்கு ஒரு பெட்டி பிஸ்கட் அலுமாரியில் இருக்கட்டும்.

சமைத்த சோறு இரண்டு மணிநேரத்துக்குள் பிள்ளையின் தட்டில் இருக்க வேண்டும். வன்னி வெயிலில் சோறும் தேங்காய்ப்பால் கறியும் கெட நேரம் எடுக்காது. ஆறு மணிக்கே சமைத்து மூடிவைப்பதைவிட ஏழரைக்கு உலை வைத்து ஒன்பதரைக்கு இறக்குவது நல்லது. மிஞ்சியதை வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கும் பழக்கத்தை நிறுத்த மனம் வராதுதான், ஆனால் கறியைக் கொடுக்காதீர்கள். சமைக்காத அரிசியாகக் கொடுத்துவிடலாம். மரவள்ளி கிடைத்தால் அதே நாளில், மூடாத பானையில், தண்ணீரை வடித்து அவியுங்கள்.

தண்ணீர். கிணற்றைப் பி.எச்.ஐ. சொல்லும் அளவில் குளோரின் போட்டு வையுங்கள், வெள்ளம் வந்து வடிந்தபிறகு கட்டாயம். வவுனியாப் பக்கம் சில இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைட்டு அதிகம், அது கொதிக்கவைத்தாலும் போகாது, ஆகவே அங்கே குடிக்கவும் சமைக்கவும் சுத்திகரித்த நீர் எடுக்க வேண்டிவரும். கை கழுவக் குழாய்களைச் சின்னப் பிள்ளையின் உயரத்துக்குப் போடுங்கள், சவர்க்காரத்தைக் காகம் தூக்காமல் வலைப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள்.

விறகை ஆவணி புரட்டாதிக்குள் வாங்கி, கூரைக்குக் கீழே அடுக்கிவிட வேண்டும். ஐப்பசியில் மழை தொடங்கிய பிறகு ஈர விறகோடு போராடினால் சமைக்கிறவரின் கண்ணும் போகும், நேரமும் போகும். புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டக் கொஞ்சம் செலவு, ஆனால் விறகு நன்றாகக் குறையும். பிள்ளைகளை விறகு பொறுக்க அனுப்பவே வேண்டாம். படிக்க வந்த பிள்ளைகள் என்பது ஒன்று, கண்ணிவெடி அகற்றி முடியாத காடுகள் இன்னும் இருக்கின்றன என்பது இன்னொன்று.

படி 7: எங்கே வாங்குவது

பிரேசிலில் 2009இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: பாடசாலை உணவுக்கு மத்திய அரசு கொடுக்கும் காசில் குறைந்தது 30 வீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடம் வாங்க வேண்டும் என்று. நமக்குச் சட்டம் தேவையில்லை, மனம் இருந்தால் போதும். முட்டையை நகரத்து மொத்தக் கடையில் வாங்கினால் ஒரு ரூபா இரண்டு ரூபா குறையும். ஊரில் பத்து வீட்டில் வாங்கினால் அந்தக் காசு அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்கே போகும். ஆனால் ஒரு வீட்டை மட்டும் நம்பாதீர்கள், கோழிக்கு வருத்தம் வந்தால் ஒரே வாரத்தில் எல்லாம் போய்விடும். பருப்பும் ரின்மீனும் எப்படியும் வெளியிலிருந்துதான் வரும், அதைச் சங்கக்கடையில் மொத்தமாகப் பேசலாம்.

பாடசாலைத் தோட்டம் போடுகிறோம் என்று சொல்லாத ஆள் இல்லை. ஆவணி விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவு செய்துவிட்டுப் போடுங்கள். முருங்கை, பப்பாசி, கறிவேப்பிலை மூன்றும் கவனிப்புக் குறைந்தாலும் நிற்கும். மற்றதைக் குரங்கு பார்த்துக்கொள்ளும்.

படி 8: பரிமாறும் விதம்

வகுப்பில் வறிய பிள்ளைகளை மட்டும் எழுப்பிக் கூட்டிக்கொண்டுபோய்ச் சாப்பாடு கொடுக்காதீர்கள். காசு போதாது என்றால் ஒரு தரத்துக்கு முழுதாகக் கொடுங்கள், அடுத்த வருடம் இன்னொரு தரத்தைச் சேருங்கள். பத்துப் பிள்ளைகளைப் பிரித்தெடுத்தால் அதில் பெரிய பிள்ளைகள் பசி இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே நிற்கும்.

படங்கள் பற்றியும் ஒரு சொல். தருகிறவர்கள் கேட்பார்கள், நியாயம்தான், தூரத்தில் இருப்பவர்களுக்கு வேறு என்ன தெரியும். கிடாரத்தைப் படம் எடுங்கள், கணக்குக் கொப்பியை எடுங்கள், விறகு அடுக்கியதை எடுங்கள். வாயில் சோறு வைக்கும் பிள்ளையின் முகத்தையும், பெயர் போட்ட பதாகைக்குக் கீழே வரிசையில் நிற்கும் பிள்ளைகளையும் எடுக்க வேண்டாம். அந்தப் பிள்ளை நாளைக்குப் பல்கலைக்கழகம் போகும்போதும் அந்தப் படம் முகநூலில் இருக்கும்.

படி 9: கணக்கும் அளவும்

ஒரு கொப்பி போதும். ஒவ்வொரு நாளும் வந்த பிள்ளைகள், சாப்பிட்ட பிள்ளைகள், எடுத்த அரிசி, பருப்பு, மிச்சம், ருசி பார்த்தவரின் கையெழுத்து. பற்றுச்சீட்டு கிடைக்காத வீட்டுக் கொள்வனவுக்கு விற்றவரின் கையெழுத்தோடு ஒரு துண்டு. வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று ஊரில் இருப்பவருடையது. மாதக் கணக்கைப் பாடசாலை அறிவித்தற் பலகையில் ஒட்டுங்கள். லண்டனுக்கு அனுப்புவதைவிட இது முக்கியம், ஏனென்றால் அரிசி எங்கே போனது என்று முதலில் பேசுவது ஊர்தான்.

பலன் தெரிய வேண்டும் என்றால் தொடங்க முன்பே உயரமும் நிறையும் எடுத்து வைக்க வேண்டும், பிறகு தவணைக்கு ஒருமுறை. பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு எம்.ஓ.எச். பணிமனையிலிருந்து வருவார்கள்தானே, அந்தப் பதிவுகளைப் பார்க்க அதிபர் வழியாகக் கேளுங்கள், வயிற்றுப் பூச்சிக்கான மருந்தும் அதோடு கொடுத்துவிட்டால் போடுகிற சோறு பிள்ளையின் உடம்பில் சேரும். நிறை மெதுவாகத்தான் ஏறும். பிள்ளைகளின் வரவு இடாப்பில்தான் முதலில் மாற்றம் தெரியும். ஐப்பசி முதல் தை வரை, பெரும்போக நெல் வெட்ட முன் வீடுகளில் கையிருப்புக் குறையும் மாதங்களில், வரவு விழாமல் நின்றால் திட்டம் வேலை செய்கிறது.

படி 10: காசு முடியப்போகிறது என்றால்

ஒரு தவணை முன்பே அதிபருக்கும் சமைக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். நாட்களைக் குறைக்க முதல் தட்டைக் குறையுங்கள்: வாரத்துக்கு இரண்டு முட்டை கொடுத்தால் அதை ஒன்றாக்கி, மீனை நிறுத்தி, பருப்பையும் கீரையையும் விடாமல் வையுங்கள். வாரத்துக்கு மூன்று நாள் நல்ல சாப்பாடு, இரண்டு நாள் இல்லை என்பதைவிட ஐந்து நாளும் எளிய சாப்பாடு நல்லது. எந்த நாள் கிடைக்கும் என்று தெரியாத பிள்ளை எல்லா நாளும் வராது. பிறந்தநாள் கொடையாளர்களிடமும் அப்போது பேசலாம்: ஒரு நாள் புரியாணிக்குப் பதில் ஒரு கிழமைப் பருப்பு, அல்லது சமைக்கும் அம்மாவின் ஒரு மாதக் காசு. சிலர் ஒத்துக்கொள்வார்கள்.

மார்கழியில் பாடசாலை பூட்டும்போது மிஞ்சிய பருப்பைச் சமைக்கிறவர்களுக்கே கொடுத்து, அரிசி வாளிகளைக் கழுவி வெயிலில் காயவைத்துக் கவிழ்த்து வையுங்கள், இல்லையென்றால் தையில் வண்டுதான் இருக்கும். அப்போதே அடுத்த வருடம் முதலாம் தரத்துக்கு எத்தனை பிள்ளைகள் பதிந்திருக்கிறார்கள் என்று அதிபரிடம் கேட்டுப் புதிய கணக்கைப் போட்டுவிடுங்கள்.